சுதந்திராக் கட்சி எங்கே போயிற்று? மூன்றாம் கட்சிகளும் தமிழ்நாட்டுப் பழமைவாதமும்

1962 சட்டமன்றத் தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்தில் சுதந்திராக் கட்சி 94 தொகுதிகளில் நின்றது. ஏறத்தாழ 8 சதவீத வாக்குகளைப் பெற்றது. கிடைத்தவை 6 இடங்கள். 1967-இல் 27 தொகுதிகளில் மட்டுமே நின்றது. வாக்கு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டியது; இடங்களோ 20 ஆயின. வாக்கு குறைந்தது, இடம் பெருகியது. இடையில் ராஜாஜியின் கட்சி அண்ணாவின் கட்சியோடு கூட்டணி கண்டிருந்தது. அடுத்த ஏழாண்டுக்குள் அந்தக் கட்சியே இல்லாமல் போனது.

தமிழ்நாட்டில் பழமைவாதம் தனக்கென ஒரு கட்சியை அமைத்து, கொள்கைகளை அச்சிட்டு, ஒளிவு மறைவில்லாமல் வாக்குக் கேட்ட காலம் 1959-க்கும் 1974-க்கும் இடைப்பட்ட அந்தப் பதினைந்து ஆண்டுகள். கட்சி மறைந்தது, அதன் கருத்துகள் மறையவில்லை. ஒன்றைக் காங்கிரஸ் எடுத்துக்கொண்டது, இன்னொன்றைத் திராவிட முன்னேற்றக் கழகம் எடுத்துக்கொண்டது, மற்றொன்று ஜனதா வழியே வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. யாரும் எடுத்துக்கொள்ளாத கருத்துகளும் உண்டு. மூன்றாம் கட்சி ஒன்றின் வெற்றி தோல்வியை அது வென்ற இடங்களை வைத்து அளக்க முடியாது. பெரிய கட்சிகளின் குணத்தை அது எவ்வளவு மாற்றியது என்பதே சரியான அளவு. சுதந்திராக் கட்சியின் கதை இதற்குத் தெளிவான சான்று.

மயிலாப்பூரிலிருந்து பார்த்தால் இந்தக் கதை ஒருவிதமாகத் தெரியும். அச்சரப்பாக்கத்திலிருந்து பார்த்தால் வேறுவிதமாகத் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் மேல்மருவத்தூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கும் இந்தச் செங்கல்பட்டு மாவட்டப் பேரூர் ஏரிப் பாசனத்தை நம்பிய வட்டாரம். நெடுங்காலம் தனித் தொகுதியாக இருந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் அந்தத் தொகுதி போய்விட்டது. இன்று பக்கத்திலுள்ள மதுராந்தகமும் செய்யூரும் தனித் தொகுதிகள். நிலம் உள்ளவரின் உரிமையைக் காக்கப் பிறந்த ஒரு கட்சியை, நிலம் இல்லாதவர் நிறைந்த ஊர்களிலிருந்து எடைபோட்டால்தான் அதன் பலமும் பலவீனமும் ஒருசேரப் புலப்படும்.

முன்னே போனவரும் பின்னே விடப்பட்டவரும்

ஒருவரே வெல்லக்கூடிய தொகுதி, அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற முறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மூன்றாம் கட்சி மூச்சுத் திணறும். பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1951-இல் இதை விளக்கி எழுதினார். ‘நம்ம ஓட்டு வீணாப் போயிடுமோ’ என்ற வாக்காளரின் அச்சமே இரண்டு பெரிய கட்சிகளின் மூலதனம். நம் ஊரில் இதோடு ஒரு வசையும் சேரும்: ‘ஓட்டைப் பிரிக்க நிக்கிறான்’, ‘அவன் பி டீம்.’

இந்த முறை மிகக் கெட்டியாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே மூன்றாவதாக நின்றவர்களைக் கவனித்தால் இரண்டு வகையினர் தென்படுகிறார்கள். பெரிய கட்சி நாளை போகப்போகும் பாதையில் இன்றே போய் நிற்பவர் ஒரு வகை. பெரிய கட்சி பாதை மாறிய பின், பழைய இடத்திலேயே நின்றுவிட்டவர் இன்னொரு வகை.

அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1968 குடியரசுத் தலைவர் தேர்தலில் தனிக் கட்சி கண்டு 13.5 சதவீத வாக்குகளையும் ஐந்து தென்மாநிலங்களையும் பெற்றார். நிற இணக்கத்தை எதிர்த்த அந்த வெள்ளையர் வாக்குகளைக் குடியரசுக் கட்சி பிறகு தன்பக்கம் இழுத்துக்கொண்டது. தென்மாநிலங்கள் மெல்ல மெல்ல அதன் கோட்டைகளாயின. 1992-இல் தொழிலதிபர் ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றும் ஒரு மாநிலத்தைக்கூட வெல்லவில்லை. மெக்சிகோவுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் அமெரிக்கத் தொழிலாளியின் வேலையைப் பறிக்கும் என்பது அவர் முழக்கங்களுள் ஒன்று. அவர் தொடங்கிய சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளராக 2000-இல் பாட் புக்கானன் நின்றார். குடியேற்ற எதிர்ப்பும் வணிகக் காப்பும் அவருடைய பேச்சு. அரை சதவீத வாக்குகூடத் தேறவில்லை. அதே கட்சியின் வேட்பாளராகச் சிறிது காலம் முயன்று விலகியவர் டொனால்டு ட்ரம்ப். 2016-இல் அதே இரண்டு பேச்சுகளோடு குடியரசுக் கட்சியையே அவர் கைப்பற்றினார். சிறிய அரசு, தடையற்ற வணிகம் என்று நெடுங்காலமாகப் பேசிவந்த கட்சி தன் முகத்தை மாற்றிக்கொண்டது.

அதே 2016-இல் அந்தப் பழைய முகத்தோடு வெளியே நின்றவர்கள் இரண்டாம் வகையினர். நியூ மெக்சிகோவின் முன்னாள் குடியரசுக் கட்சி ஆளுநர் கேரி ஜான்சன் சுமார் 3 சதவீத வாக்குகளைப் பெற்றார். எவன் மக்மல்லின் யூட்டா மாநிலத்தில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றார். அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கட்சிதான் நகர்ந்துவிட்டது.

நம் மாநிலத்துக் கதையைப் படிக்கவும் இந்தப் பிரிவு கைகொடுக்கும். செங்கல்பட்டு மாவட்டம் இரண்டு வகையினரையும் கண்டிருக்கிறது.

1952: மூன்றாவது பெட்டி

முதல் பொதுத்தேர்தலில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி; பெட்டியின்மேல் அவர் சின்னம். வாக்காளர் உள்ளே போய், தான் விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் இரண்டு சீட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாத உழவர், காங்கிரஸின் நுகத்தடி மாட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி இருப்பதைக் கண்ணால் பார்த்தார்.

வட மாவட்டங்களில் அந்தப் பெட்டிக்கு வாக்கு விழுந்தது. எம்.ஏ. மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி வட ஆர்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் வேர்கொண்டிருந்தது, எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்குத் தென் ஆர்க்காடும் சேலமும் களம். சட்டமன்றத்தில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் 6 இடங்களையும் வென்றன. காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியையும் காமன்வீல் வேட்பாளர் ஏ. கிருஷ்ணசாமியே கைப்பற்றினார். அப்போது தேர்தலில் நிற்காத தி.மு.க. இவ்விரு கட்சிகளையும் ஆதரித்தது.

375 பேர் கொண்ட அவையில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 இடங்கள். ஆட்சி அமைக்க ராஜாஜி அழைக்கப்பட்டார். சிறு கட்சிகளின் துணையோடுதான் அவர் பெரும்பான்மை தேடினார், மாணிக்கவேலு அமைச்சரானார். 1954-இல் காமராசர் முதல்வரானபோது படையாட்சியாரும் அமைச்சரவையில் இடம்பெற்றார். இரண்டு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன.

கரைந்ததால் தோற்றன என்று சொல்லிவிட முடியாது. வன்னியர் சமூகத்துக்கு அமைச்சரவையில் இடமில்லை என்பதே அவர்கள் முன்வைத்த குறை. அந்தக் குறையைத் தீர்த்த பிறகே காங்கிரஸால் வட மாவட்டங்களில் காலூன்ற முடிந்தது. மேல்சாதியினரும் வக்கீல்களும் நடத்திய கட்சி பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் தரும் கட்சியாக மாறியதில் காமராசரின் பங்கு பெரியது. அந்த மாற்றத்தைத் தள்ளிப்போட முடியாமல் செய்தவை 1952-இல் விழுந்த மூன்றாம் பெட்டி வாக்குகள். இது முன்னே போனவர்களின் கதை.

பின்னாளில் அந்த மாணிக்கவேலுதான் காமராசர் ஆட்சியில் வருவாய்த் துறையைக் கவனித்தார். ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டிய 1961 நில உச்சவரம்புச் சட்டம் அந்த ஆட்சியின் சட்டம். அதைக் கடுமையாக எதிர்த்தவை ராஜாஜியின் புதிய கட்சியும் அதன் பத்திரிகைகளும். 1952-இல் ஒரே அமைச்சரவையில் இருந்த இருவரை நிலம் எதிரெதிர் வரிசையில் நிறுத்திவிட்டது.

80 வயதில் ஒரு புதுக் கட்சி

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை இலக்காக அறிவித்தது. உழவர் தலைவர் என்.ஜி. ரங்கா காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச் செயலாளர். உயிர்நாடியாக இருந்த ராஜாஜிக்கு அப்போது வயது 80. கல்கியில் தமிழிலும் சுவராஜ்யாவில் ஆங்கிலத்திலும் வாராவாரம் எழுதியே கட்சியை நடத்தினார்.

தொழில் தொடங்கவும் பொருள் இறக்குமதி செய்யவும் உற்பத்தியைப் பெருக்கவும் தில்லியின் அனுமதிச் சீட்டுக்காகக் காத்துக் கிடக்கும் நிலையை ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று அவர் பெயரிட்டு அடித்தார். அரசின் கை நீள நீளத் தனிமனிதனின் நேர்மை குறையும், ஆளும் கட்சிக்குப் பணம் குவியும் என்பது அவர் வாதம். தேர்தலுக்குக் கட்சிகள் பணம் திரட்டும் விதத்தை இன்று பார்ப்பவர்கள் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது.

காங்கிரஸ் சோசலிசப் பாதையில் திரும்பியபோது பழைய இடத்தில் நின்றுவிட்டவர் என்று ராஜாஜியைச் சொல்லலாம். 32 ஆண்டுகள் கழித்து அதே காங்கிரஸ் அவர் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்று நரசிம்மராவ் அரசு அறிவித்தது. அச்சரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போகப் போக அதன் விளைவைப் பார்க்கலாம்: மகிந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலைநகர்த் தொழிற்சாலைகள், விடிகாலையில் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள். 1990-களில் மறைமலைநகருக்கு வந்த ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும் இதே கதையின் பகுதி. சந்தை கொடுத்ததைச் சந்தையே எடுத்துக்கொள்ளவும் செய்தது.

ராஜாஜியின் பழமைவாதத்துக்கு வேறு குணங்களும் இருந்தன. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962-இல், 83 வயதில், வாஷிங்டன் போய்க் கென்னடியைச் சந்தித்தார். பாகிஸ்தானோடு சமரசம் வேண்டும், ஷேக் அப்துல்லாவோடு பேச வேண்டும் என்று எழுதினார். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அவரே இருபது ஆண்டுக்குள் இந்தியை ஆட்சிமொழியாகத் திணிப்பதை எதிர்த்தார். நாட்டின் ஒற்றுமைக்கு ஒரே மொழி, ஒரே மதம், ஒரே தலைவர் தேவையில்லை என்று நம்பிய பழமைவாதம் அது. இந்தியாவில் அது மறுபடி தலையெடுக்கவில்லை.

மிராசும் பஞ்சமியும்

ராஜாஜியின் பார்வை செங்கல்பட்டுக் கிராமங்களில் ஓர் இடத்தில் வந்து முட்டி நின்றது.

உழுபவன் நிலத்தை அரசு பிடுங்கக் கூடாது என்று சுதந்திராக் கட்சி சொன்னது. ரயத்துவாரி நிலங்களையும் ‘எஸ்டேட்’ வரையறைக்குள் கொண்டுவந்த 1964-ஆம் ஆண்டின் 17-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை நாடு முழுவதும் எதிர்த்தது. பட்டா உள்ள சிறு உழவர் இந்தப் பேச்சில் நியாயம் இருப்பதாக உணர்ந்தார். ஆனால் இந்த மாவட்டத்தில் உழுபவர் ஒருவர், பட்டாதாரர் வேறொருவர் என்ற நிலை மிகப் பழையது. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்ட மிராசுதாரர்கள், அவர்களுடைய பண்ணையில் தலைமுறைகளாக உழைத்த தலித் மக்கள் என்று கிராமம் இரண்டாகக் கிடந்தது. தரிசு நிலத்துக்கு ஒரு தலித் குடும்பம் விண்ணப்பித்தாலும் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் இந்த நிலையை ஆய்ந்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் குடிசைமனைகூடச் சொந்தமில்லாத மக்களின் வாழ்வை அது விவரித்தது. அதன் தொடர்ச்சியாக 1892-இல் சென்னை அரசு தலித் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் அதே மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. நடைமுறையில் அந்த நிலங்கள் பிறர் கைக்குப் போயின.

சொத்துரிமையைப் புனிதமாகக் கருதும் ஒரு பழமைவாதிக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு உண்டா? அரசு ஆணையால் உறுதி செய்யப்பட்ட ஒருவரின் நிலம் வல்லவரால் பறிக்கப்பட்டிருக்கிறது. அதை மீட்டுத் தருவதுதானே சொத்துரிமையைக் காப்பது? சுதந்திராக் கட்சி இந்தக் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. உச்சவரம்பால் நிலம் இழக்கவிருந்தவருக்காகப் பேசிய அளவுக்கு, பறிகொடுத்தவருக்காக அது பேசவில்லை. ராஜாஜியின் மீது ஏற்கெனவே ஒரு நிழல் விழுந்திருந்தது. 1953-இல் அவர் கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டம், மீதி நேரத்தில் பிள்ளைகளைத் தகப்பன் தொழிலுக்கு அனுப்பும் குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டு, மறு ஆண்டு அவர் பதவி விலகக் காரணமானது. தகப்பன் தொழிலிலிருந்து தப்பிக்கவே பள்ளிக்கூட வாசலுக்கு வந்த பிள்ளையின் வீட்டார் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

கட்சியின் சட்டமன்றக் கணக்கைக் கூட்டணி தீர்மானித்தது. அது ஏன் ஊருக்குள் வேர்விடவில்லை என்பதை நிலம் தீர்மானித்தது. பழமையைக் காப்போம் என்பவர் யாருடைய பழமையை என்று சொல்லியாக வேண்டும். இந்த மாவட்டத்தில் அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

1967: யார் யாரை மாற்றினார்கள்?

1967 கூட்டணியை வினோதம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கடவுள் மறுப்பில் பிறந்த இயக்கத்தின் கட்சியும் இராமாயணம் எழுதிய ராஜாஜியும் ஒரே மேடையில். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று ஒரு கட்சி சொல்ல, 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அதற்கு வாக்குக் கேட்டார். பூணூலை ஒரு கையில் பிடித்துக்கொண்டாவது தி.மு.க.வுக்கு வாக்களியுங்கள் என்று அவர் பிராமணர்களிடம் கேட்டதாக இன்றும் சொல்வார்கள்.

அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 41 சதவீதத்துக்குச் சற்றே மேல் பெற்றது, தி.மு.க. 41-க்குச் சற்றே கீழ். இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு 51. முதல்வர் பக்தவத்சலம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்பெரும்புதூரிலேயே தோற்றார். எதிர்ப்பு வாக்கு சிதறாமல் ஒரே வேட்பாளருக்கு விழுந்ததே இந்தக் கணக்கின் சூட்சுமம்.

கைமாறியது வாக்கு மட்டும் இல்லை. 1963-இல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்ட தி.மு.க.வை இந்திய அரசியலுக்குள் நம்பத்தக்க கட்சி என்று நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகப்படுத்தியது ராஜாஜியின் துணை. இந்தி எதிர்ப்பு மாணவர் கிளர்ச்சியாக மட்டும் நில்லாமல் கூட்டாட்சி பற்றிய சட்ட வாதமாக வளர்ந்ததிலும் அவர் எழுத்துக்குப் பங்குண்டு. தன் உரிமைக்குத் தானே காவல் நிற்கும் மாநிலக் கட்சியாகத் தி.மு.க. உருப்பெற்ற காலம் அது.

சுதந்திராவும் மாறியது. தனித்து நிற்கும் பழக்கத்தை இழந்தது. கூட்டணி முறிந்து, 1971-இல் எந்தக் காமராசரை எதிர்த்ததோ அவருடைய பழைய காங்கிரஸோடு சேர்ந்து நின்றபோது 6 இடங்களே மிஞ்சின. நாடு முழுவதும் மக்களவையில் 44 இடங்கள் 8 ஆகச் சுருங்கின. அதே ஆண்டு மதுவிலக்கை நீக்கக் கருணாநிதி அரசு முடிவெடுத்தது. 1937-இல் முதல்வராகச் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த ராஜாஜி, 92 வயதில், கொட்டும் மழையில் முதல்வரின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். ஆகஸ்ட் 30 அன்று கள்ளுக்கடைகள் திறந்தன. தான் வெல்ல உதவிய கட்சியிடம் தன் உயிர்க் கொள்கையைக் காப்பாற்றிக்கொள்ளும் பலம் அவரிடம் இல்லை. கூட்டணியில் மூன்றாம் கட்சி கொடுக்கும் விலைக்கு இந்தச் சந்திப்பைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியாது.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சியின் பெரும்பகுதி சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்தது. 1977-இல் ஜனதா வென்றது அந்த லோக் தளத்தின் ஏர் உழவன் சின்னத்தில்.

வாரிசுகள்

சுதந்திராக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் எச்.வி. ஹண்டே, பிறகு அ.தி.மு.க.வில் சேர்ந்து எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகி, பின்னாளில் பாரதிய ஜனதாவுக்குப் போனார். அந்த ஒருவரின் பயணத்தைப் பின்தொடர்ந்தாலே தமிழ்நாட்டில் பழமைவாத வாக்கு எங்கெங்கே தங்கியது என்பது விளங்கும்.

ஆனால் பாரதிய ஜனதாவைச் சுதந்திராவின் நேர் வாரிசு என்று கொள்ள முடியாது. தேசம், மதம், மொழி மூன்றையும் ஒரே நூலில் கோக்க விரும்புகிற பழமைவாதம் அது. ராஜாஜியின் பழமைவாதம் அந்த நூலையே சந்தேகித்தது. இந்த வட்டாரத்தில் பக்தி அரசியல் வாக்காக எளிதில் மாறாததற்கும் காரணம் உண்டு. ஆட்சீசுவரர் கோயில் உள்ள அச்சரப்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மேல்மருவத்தூர். அங்கே பெண்களே கருவறைக்குள் போய் வழிபடுகிறார்கள்; மாதவிலக்கு நாளிலும் தடையில்லை. சிவப்புச் சேலையில் வரும் அந்தப் பெண்கள் பக்தி மிக்கவர்கள், ஆனால் பழைய விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. மரபைத் தாங்களே திருத்திக்கொள்ளும் மக்களிடம் ‘மரபு ஆபத்தில் இருக்கிறது’ என்ற முழக்கம் அவ்வளவு விரைவில் எடுபடாது.

சுதந்திரா விட்டுப்போன இடத்தை இந்த மாவட்டத்தில் நிரப்பியவர்கள் வேறு மூன்றாம் கட்சிகள். 1987 சாலை மறியலில் 21 உயிர்களைப் பலிகொடுத்த வன்னியர் சங்கத்திலிருந்து 1989-இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு அதே ஆண்டு வந்துவிட்டது. தேர்தலில் ஓர் இடமும் வெல்லும் முன்பே பெரிய கட்சியை அவர்கள் அசைத்துவிட்டார்கள். 1952-இன் மூன்றாவது பெட்டி திரும்ப வந்ததைப் போன்றது அது.

1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். சுதந்திராக் கட்சி கேட்க மறந்த கேள்வியைத் தலித் இயக்கங்கள் ரத்தம் சிந்திக் கேட்டன. 1999-இல் தேர்தல் களத்துக்கு வந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சி 2021-இல் மாநிலத்தில் வென்ற நான்கு சட்டமன்ற இடங்களில் இரண்டு இந்த மாவட்டத்தின் செய்யூரும் திருப்போரூரும். மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூரில் பானைச் சின்னத்தை எதிர்த்தது பா.ம.க.வின் மாம்பழம், வித்தியாசம் 2,000 வாக்குக்கும் குறைவு. இரண்டு பெரிய கூட்டணிகளின் பெயரால் அங்கே மோதிக்கொண்டவை இரண்டு மூன்றாம் கட்சிகள். 2024 மக்களவைத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் பாரதிய ஜனதா கூட்டணியின் சார்பில் நின்ற பா.ம.க. மூன்றாம் இடத்தையும் நாம் தமிழர் கட்சி நான்காம் இடத்தையும் பெற்றன. சமூக நீதிக்காக முன்னே போன கட்சி அந்தத் தேர்தலில் தேசியப் பழமைவாதத்தின் உள்ளூர்க் கூட்டாளியாக நின்றது. மூன்றாம் கட்சி பெரிய கட்சியை மாற்றும். சேர்ந்த இடம் அதையும் மாற்றும். ராஜாஜிக்கு நேர்ந்ததும் இதுவே.

முடிவாக

இன்று சுதந்திராக் கட்சியை அதே கொள்கையோடு யாராவது பதிவு செய்ய முயன்றால் சட்டமே வழிமறிக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989-இல் நடைமுறைக்கு வந்த 29-ஏ பிரிவின்படி ஒவ்வொரு கட்சியும் சோசலிசத்துக்கு விசுவாசம் தெரிவித்தாக வேண்டும். சோசலிசத்தை மனப்பூர்வமாக எதிர்ப்பவர் பொய் சொல்லித்தான் கட்சி நடத்த முடியும். சோசலிசத்தில் நம்பிக்கை உள்ளவர்களும் இந்த விதியை எதிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துக்குப் பதிவேட்டில் இடமில்லாத மக்களாட்சி குறையுள்ளது.

செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாத வேட்பாளருக்கு டெபாசிட் போய்விடும். அந்தச் செய்தியைச் சிரித்தபடி படிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வாலஸ் வழியே வந்தது தீமை. 1952-இன் மூன்றாம் பெட்டி வழியே வந்தது நீதி. இரண்டுமே தோற்றவர்களின் வாக்கிலிருந்து பெரிய கட்சிக்குள் நுழைந்தவை. அதனால் மூன்றாவது வேட்பாளரை அலட்சியம் செய்வதும் ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதும் ஆபத்து.

தனிமனித உரிமையைப் பேசி, மத வெறுப்பில்லாமல், அரசின் அத்துமீறலைத் தட்டிக்கேட்கும் ஒரு பழமைவாதம் தமிழ்நாட்டுக்குத் தேவை என்றே நினைக்கிறேன். அது திரும்பி வருவதாக இருந்தால் மயிலாப்பூரிலிருந்து வர வேண்டியதில்லை. பஞ்சமி நிலத்தை உரியவரிடம் ஒப்படைப்பதே சொத்துரிமையின் முதல் கடமை என்று சொல்லும் துணிவோடு, செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்து வரட்டும். அடுத்த தேர்தலில் மூன்றாவதாக ஒருவர் உங்கள் வாசலில் கைகூப்பி நின்றால் ‘ஜெயிப்பீங்களா?’ என்று கேட்காதீர்கள். எதைக் காக்கப் போகிறீர்கள், யாருக்காக, அதற்காகப் பெரிய கட்சிகளை எப்படிப் பணிய வைப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் சொல்பவருக்குப் போடும் வாக்கு, அவர் தோற்றாலும் வீணாகாது.